மூன்றாவது தூண்

2019 ஜூலை 1, திங்கள்

என் பேத்தி அனுசுயா கட்டட இன்ஜினியர். போர்ட்பிளேயரில் டாலிகஞ்ச் பக்கம் எங்கள் ஆட்களில் முதல் பெண் இன்ஜினியர் அவள்தான். வேறு யாராவது இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும். அவள் தம்பி வினோதன் சென்னையில் மருந்தாளுநர் படிப்பு, மூன்றாம் வருஷம், இதுவரை ஒரு பாடத்திலும் தவறியதில்லை. மகள் வயிற்றுப் பேத்தி பிரதீபா போன மாதம் நீச்சல் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். தங்கம் வாங்கிய பெண் அவளைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். பிரதீபாவின் தம்பி முகுந்தன் இரண்டாம் வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்வான்.

இதெல்லாம் 2010க்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த நல்ல காலம். அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டியதில்லை.

நான் லிங்கம்மாள். படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் கணக்கில் நூற்றுக்கு நூறு. இந்த நோட்டு அனு கொடுத்தது. "ஆச்சி, சும்மா உக்காந்து என் கல்யாணத்தைப் பத்தி யோசிக்காம எதையாவது எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். கல்யாணத்தைப் பற்றியும் யோசிக்கிறேன்.

மழை. துணி மூன்று நாளாகப் படிக்கட்டில் தொங்குகிறது.

ஜூலை 3, புதன்

அனுவுக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் உள்ள சின்ன கான்கிரீட் கட்டடங்கள், மூன்று தளத்துக்கு உட்பட்டவை, பூமி ஆடினால் தாங்குமா என்று சீக்கிரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து கட்டடம். அளவு நாடா பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல். காலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாடாவோட ஒரு நுனியைத்தானட்டி பிடிக்கணும்? நான் வாரேன்" என்றேன்.

"மழையில வழுக்கும் ஆச்சி."

"நீ நடக்கப் பழகுனது என் கையைப் பிடிச்சு. வழுக்குமாம்லா!"

குடையோடு போனேன். முதலில் ஒரு இரும்புக் கடைக் கட்டடம். நான் நாடாவைப் பிடித்தேன், அவள் எழுதினாள். இரண்டு தூண் அளந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"கீழ்த்தளத்துல நிக்கிற தூணை எல்லாம் அளக்கணும். நீளத்தை அகலத்தால பெருக்கணும். எல்லாத் தூணையும் கூட்டி அதுல பாதி எடுத்துக்கணும். அப்புறம் செங்கல் சுவரை அளந்து, அதுல பத்துல ஒரு பங்கு."

"சுவருக்கு ஏன்ட்டி அவ்வளவு கம்மி?"

"ஆட்டம் வந்தா செங்கல் பொடிஞ்சிரும். கம்பி போட்ட தூணு கொஞ்சம் வளைஞ்சு தாங்கும். ரெண்டையும் கூட்டினா அதுதான் பலம். இன்னொரு பக்கம், இந்தத் தூணுங்க தாங்குற எல்லாத் தளத்தோட பரப்பையும் கூட்டி நானூறால வகுக்கணும். பலம் அந்த அளவுக்கு வரலைன்னா சிவப்பு. வந்தா மஞ்சள். நல்லாத் தாண்டிப் போனா பச்சை."

"இவ்வளவுதானா? இதுக்கா நாலு வருஷம் படிச்சே? இதை நான் அஞ்சாங் கிளாஸ்லயே போட்டிருப்பேனே."

சிரித்தாள். "இது நாடி பிடிச்சுப் பாக்கிறது மாதிரி ஆச்சி. எல்லாக் கட்டடத்தையும் முழுசாச் சோதிக்க எத்தனை வருஷம் ஆகும்? அதுக்குள்ள பூமி ஆடிட்டா? முதல்ல எதைப் பெரிய டாக்டர் பாக்கணும்னு வரிசை போடுறோம். அவ்வளவுதான்."

சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தூணையும் தட்டிக் காது கொடுக்கிறாள். சத்தம் சரியில்லை என்றால் உள்ளங்கை அளவு பூச்சைக் கொத்திப் பார்க்கிறாள். சில வீடுகளில் செங்கல்லை அடுக்கித் தூண் மாதிரிப் பூசி நிறுத்தியிருப்பார்களாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாதாம்.

அப்படியும் செய்வார்களா என்று கேட்டேன். செய்வார்கள் என்றாள்.

நாலாவது கட்டடத்தோடு நான் திரும்பிவிட்டேன். சோறு வடிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 5, வெள்ளி

கப்பல் வரவில்லை, வெங்காயம் இல்லை. மருமகள் செல்வராணி வெங்காயம் இல்லாமல் குழம்பு வைத்தாள். உப்பு கூட என்றேன். "அத்தை இப்பல்லாம் நாடா வச்சு அளந்துதான் சாப்பிடுவாங்க போல" என்று மேலே பார்த்துச் சொன்னாள், மேலே யாரும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

இன்று தமிழ்ப் பிள்ளைகளின் பாலர் வகுப்புக் கட்டடம். நாடா பிடிக்கிற ஆள் வந்துவிட்டார், ஆனாலும் நான் போனேன். கணக்கை என் கையாலேயே போட்டேன். கீழே வண்டி நிறுத்துகிற இடம், சுவரே கிடையாது. ஒன்பது அங்குலச் சதுரத்தில் ஆறே ஆறு தூண். மேலே இரண்டு தளம். நிற்க வேண்டியது முந்நூற்று நாற்பத்தைந்து சதுர அங்குலம். நின்றது இருநூற்று நாற்பத்து மூன்று.

சிவப்பு. என் விடையும் அனுவின் விடையும் ஒன்றே. சந்தோஷப்படப் போனேன், ஞானசௌந்தரி டீச்சர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"முப்பத்திரண்டு பிள்ளைங்கம்மா. எங்க கொண்டு போய் வைப்பேன்?" என்று அனுவைக் கேட்டாள்.

"முழுசாச் சோதிக்கிற வரைக்கும் வேற இடம் பாத்துடுங்க டீச்சர். இதுல உக்கார வைக்காதீங்க" என்றாள் அனு. இருபத்து நாலு வயது. டீச்சருக்கு ஐம்பது இருக்கும். குரல் நடுங்காமல் சொன்னாள்.

ஜூலை 10, புதன்

டீச்சர் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீடு மூன்று தளம். கீழே நான். உச்சியில் மகன் தவசிலிங்கம் குடும்பம். அவன் கப்பலில் இயந்திர அறை வேலை, மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நடுத்தளம் மே மாதத்திலிருந்து காலி.

"ஆச்சி, உங்க நடுமாடி சும்மாத்தானே கிடக்கு. பிள்ளைங்களுக்குக் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

நான் சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் என் வீட்டில் அ ஆ படிப்பார்கள் என்று நினைத்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? "சுனாமி வருஷம் ஊரே ஆடிச்சு, இந்த வீடு அசையல" என்றேன்.

அனு அப்போதுதான் உள்ளே வந்தாள். "ஆச்சி, அப்போ மேல ரெண்டு தளமும் கிடையாது. அடிவீடு மட்டும். ஏத்துனது 2010ல. எதுக்கும் அளந்துட்டுச் சொல்றேன் டீச்சர்."

ஜூலை 11, வியாழன்

அளந்தாள். நாலு தூண் ஒரு வரிசை, மூன்று வரிசை. ஒன்பதுக்குப் பதினெட்டு அங்குலம்.

முன்வரிசையில் மூன்றாவது தூண் பக்கத்தில் வந்ததும் நின்றாள். "ஏன் ஆச்சி இது மட்டும் ரெண்டரை அடி தள்ளி நிக்குது?"

"வாசல் அகலமா இருக்கணும்னு உங்க தாத்தா அப்படிப் போட்டாரு" என்றேன்.

சுத்தியலை எடுத்தாள். மே மாதம்தான் பெயிண்ட் அடித்தது, தட்டினால் பூச்சு பொத்தல் பொத்தலாகத் தெரியும் என்றேன். வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, நான் ஓடி விளையாண்ட வீடு, எனக்குத் தெரியாததா" என்று சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு தூண், அதில் பாதி 972. முப்பது அடிச் சுவர், அதில் பத்தில் ஒன்று 324. மொத்தம் 1296. மூன்று தளத்தையும் கூட்டி நானூறால் வகுத்தால் ஒன்பது சதுர அடி. அங்குலத்தில் 1296.

"ஒரு புள்ளி கூடுதலும் இல்ல, ஒரு புள்ளி குறைவும் இல்ல ஆச்சி! கோட்டு மேல நிக்கிறோம். மஞ்சள்" என்று கையெழுத்துப் போட்டாள். டீச்சருக்கு அங்கேயே நின்று போன் பண்ணினாள். இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு நடக்கும்.

வாசலில் வைக்கக் கொசுவத்தி வாங்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

முதுகு வலி. எழுத வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்று காலண்டர் தாளின் பின்னால் ஒரு கணக்குப் போட்டேன். பதினொன்றை நூற்று அறுபத்திரண்டால் பெருக்கினேன். பாதி 891. சுவரைச் சேர்த்தால் 1215. எண்பத்தொன்று குறைகிறது.

மறுபடியும் போட்டேன். அதே எண்பத்தொன்று.

தாளைக் கசக்கி அடுப்புக்கு எடுத்துப் போனேன், கேஸ் அடுப்பு. திரும்பி வந்து பீரோவில் வைத்தேன். இன்று மட்டும் வாசலுக்கு ஏழெட்டு தடவை போய் வந்தேன். செல்வராணி, "யாரையாவது எதிர்பாக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள். மீன்காரரை என்றேன். மீன்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சின்ன நாற்காலிகள் வந்து இறங்கின. மஞ்சளும் பச்சையுமாக முப்பத்திரண்டு. நடுமாடியில் வரிசையாகப் போட்டுவிட்டு டீச்சர், "உங்க பேரைப் பலகையில எழுதி வைக்கப் போறேன் ஆச்சி" என்றாள். இன்னொரு நாளாக இருந்தால் எழுத்து எவ்வளவு பெரிசு என்று கேட்டிருப்பேன்.

எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வருமோ என்னவோ.

2010ல் மேல் தளங்கள் ஏறிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பக்கவாட்டில் இருந்த தலைவாசலை நான்தான் முன்பக்கம் மாற்றச் சொன்னேன். வாசல் திறந்தால் நேர் எதிரே ஒரு தூண். அந்த மாதமே அனுவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் வகுப்பு. பதினேழு நாள் இறங்கவில்லை, பிள்ளை கயிறு மாதிரி ஆகிவிட்டாள். செல்வராணி ஆஸ்பத்திரியில், தவசி கப்பலில். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஒரு வாஸ்துக்காரர் வாசலில் நின்று பார்த்தார். தலைவாசலுக்கு நேரே தூண் குத்துகிறது, அது வீட்டுப் பெண்பிள்ளையைத்தான் குத்தும் என்றார்.

சுடலைமுத்து மேஸ்திரியிடம் எடுக்கச் சொன்னேன். "ஆச்சி, மேல ரெண்டு தளம் ஏறுது. இது விளையாட்டு இல்ல" என்றார். நான் அழுதேன். அவருக்கும் பெண்பிள்ளை இருந்தது. இரண்டு நாளில் தூணை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டரை அடி தள்ளிச் செங்கல்லால் அதே அளவில் கட்டி, பூசி, மூலைகூட மழுக்காமல் அதே மாதிரி நிறுத்தினார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, என் தொழில் போயிரும்" என்றார். சொல்லவில்லை. அவர் ஊர் திரும்பி அங்கேயே இறந்தும் போனார்.

தூணை எடுத்த ஒன்பதாம் நாள் அனு காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் நானூற்று ஐம்பது மார்க்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் கூடவே முதல் தேதிப் பக்கமும் கழன்று வருகிறது. விட்டுவிட்டேன்.

ஜூலை 17, புதன். ஆடி முதல் தேதி

காலை ஆறரைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஆணியில் மாட்டியிருந்த கரண்டிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. இந்தத் தீவில் இது புதிதில்லை. வருஷத்தில் பல தடவை ஆடும், பத்து எண்ணுவதற்குள் நிற்கும், ஜனங்கள் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவார்கள். நானும் எப்போதும் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். இன்று அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அந்தத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எழுபத்திரண்டு வயதுக் கிழவி பிடித்தால் நிற்குமா என்ன.

நின்றது. கழுத்துப் பக்கம், உத்தரத்தைத் தொடுகிற இடத்தில், முடி அளவுக்கு ஒரு கோடு. முன்னால் இருந்ததா தெரியாது.

மேலே இருந்து செல்வராணி, "அத்தை, அடுப்புல ஏதோ தீயுது!" என்று கத்தினாள்.

ஜூலை 18, வியாழன்

டீச்சருக்குப் போன் பண்ணினேன். ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் புது இடம் புகுவது எங்கள் வழக்கத்தில் இல்லை, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"பிள்ளைங்க படிப்புக்கு ஆடி ஏது ஆவணி ஏது ஆச்சி! நீங்க ஒரு விளக்கேத்தி வைங்க, எல்லாம் சரியாகிடும்."

"அதுக்கில்ல டீச்சர்..."

"உங்க அனு கையெழுத்துப் போட்ட இடம். இந்த ஊர்ல அதைவிட எனக்கு வேற என்ன வேணும்?"

இதற்கு மேல் ஆடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஒரு தாய் தன் மகளை இடம் காட்டக் கூட்டி வந்தாள். அந்தக் குழந்தை அந்தத் தூணைக் கட்டிப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. பெயர் கேட்டேன். மிதுனாவாம். நாலு வயது. என்னிடம் வரவில்லை, தூணை விடவும் இல்லை.

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, சனி

அனு காலையில் ஆபீஸ் போனாள். வாயால் சொல்லிவிடுவது என்று ஐந்து மணிக்கே எழுந்து குளித்துக் காத்திருந்தேன். அவள் வந்தாள், காப்பி குடித்தாள், "என்ன ஆச்சி, கோயிலுக்கா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன், போய்விட்டாள்.

ஒன்பது மணிக்குத் தேங்காய் உரிக்கிற கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதல் குத்தில் பெயிண்ட் மட்டும் பெயர்ந்தது. நாலாவது குத்தில் பூச்சு ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. உள்ளே சிவப்பாகச் செங்கல். இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்து பார்த்தால், சுடலைமுத்து எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. மேலும் குத்தினேன். முழங்கையிலிருந்து தோள் வரை தெறித்தது.

செல்வராணி ஓடி வந்தாள். "ஐயோ அத்தை, என்ன பண்ணுதீங்க! பெயிண்ட் அடிச்சு ரெண்டு மாசம் ஆகல!"

"உன் மகளுக்குப் போன் போடு. சுத்தியலை எடுத்துட்டு வரச் சொல்லு."

அரை மணியில் வந்தாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. தூணைப் பார்த்தாள். தரையில் கிடந்த பூச்சைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செங்கல் மேல் கையை வைத்தாள்.

"தாத்தாவா?"

"இல்ல. நான்."

"எப்போ?"

"நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ." சொன்னேன். வாஸ்துக்காரர், மேஸ்திரி, ஒன்பதாம் நாள், எல்லாம். செல்வராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அனு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள், "நான் தட்டிப் பாக்கலயே" என்றாள். "இதுவரை அறுபத்தேழு கட்டடம் பாத்தேன் ஆச்சி. எல்லாத்துலயும் தட்டினேன். நம்ம வீட்டுல மட்டும் தட்டல."

"நான்தானட்டி தட்டாதேன்னேன்."

"நீங்க ஆயிரம் சொல்வீங்க. கையெழுத்து என்னோடது."

தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். மழை மறுபடி பிடித்தது. அப்புறம், "அப்போ என் நானூத்தி அம்பது மார்க்கு இந்தத் தூணு வாங்கிக் கொடுத்ததுதானா? நான் ராத்திரி பகலாப் படிச்சது எல்லாம் சும்மாவா?" என்றாள். சிரிப்பது மாதிரித்தான் கேட்டாள். சிரிக்கவில்லை.

தூணை எடுத்ததால்தான் பிள்ளை பிழைத்தாள் என்று அன்றைக்கு நம்பினேன், இன்றைக்கும் முழுக்க விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு பிள்ளைக்காக எடுத்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளை அதன் மேல் உட்கார வைக்க முடியாது. இதை அவளிடம் சொன்னேன். வேறு மாதிரி சொல்லத் தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

"டீச்சருக்கு நான் போன் பண்றேன்" என்று எழுந்தாள். பத்து அடி போய்த் திரும்பி வந்து, என் கையிலிருந்த கம்பியை வாங்கி ஓரமாக வைத்தாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

ஜூலை 22, திங்கள்

அனு ஆபீசில் தானே போய்ப் பழைய தாளை அடித்து, புதுத் தாள் எழுதிக் கொடுத்துவிட்டாள். பதினோரு தூண், 1215, சிவப்பு. ஏன் தட்டவில்லை என்று பெரிய சார் கேட்டாராம். சொந்த வீடு என்பதால் என்று எழுதியே கொடுத்தாளாம். இனி யாரும் தங்கள் வீட்டையோ உறவுக்காரர் வீட்டையோ தாங்களே அளக்கக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுவிட்டார். அவளுடைய மற்ற அறுபத்தாறு தாள்களையும் இன்னொருவர் சரிபார்க்கப் போகிறார்.

"உன் வேலைக்கு ஏதாச்சும்..." என்று கேட்டேன்.

"தெரியாது ஆச்சி. சரிபாத்து முடிக்கட்டும்."

பாலர் வகுப்பு கோயில் கல்யாண மண்டபத்தில் இன்று ஆரம்பித்துவிட்டது. ஒரே தளம், தகரக் கூரை. நாற்காலிகளை ஏற்றிப் போக டீச்சர் வந்தாள். என்னிடம் பேசவில்லை. கடைசி நாற்காலியைத் தூக்கும்போது மட்டும், "சொன்னீங்களே ஆச்சி, அது போதும்" என்றாள். அந்த "போதும்" எனக்குப் போதவில்லை.

கடைத்தெருவில் ஒருத்தி, "இன்ஜினியரம்மா வீடே சிவப்பாம்ல?" என்று என் காது கேட்கவே சொன்னாள். நின்றேன். "ஆமா. எங்க வீட்டை அளந்து சிவப்புன்னு எழுத எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. உங்க வீட்டை யாரு அளந்தது?" என்று கேட்டேன். தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

எதிர்ச்சாரியில் ஒரு தகர வீட்டுக்கு மாறிவிட்டோம். முழுச் சோதனை முடியும்வரை அந்த வீட்டில் யாரும் இருக்க வேண்டாம் என்று அனு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இங்கே மழை பெய்தால் பேச்சு கேட்காது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், செல்வராணி ஒரு வாரமாக என்னிடம் பேச வேண்டியதைப் பாத்திரத்திடம்தான் பேசுகிறாள்.

தவசி கப்பலிலிருந்து பேசினான். "அம்மா, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா நீ வேண்டாம்னிருப்பே."

"அதுக்குத்தாம்மா கேக்கணும்."

லைன் கட்டாகிவிட்டது. அவன் வைத்தானா, கடல் வைத்ததா தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அறுபத்தாறு தாள்களும் சரிபார்த்தாயிற்று. ஒன்றில் ஒரு தூணின் அளவு அரை அங்குலம் மாறியிருந்ததாம், அதனால் நிறம் மாறவில்லை. மற்றதெல்லாம் சரி. அனு வந்து சொன்னாள். பையைக் கழற்றாமலே என் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனாள். கொசு விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

போன வாரம் கல்லூரியிலிருந்து பெரிய இன்ஜினியர்கள் வந்து வீட்டை முழுக்கச் சோதித்துப் படம் போட்டுக் கொடுத்தார்கள். இடிக்க வேண்டாம். மற்ற தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிச் சட்டை மாதிரி கான்கிரீட் போட வேண்டும். அறுத்து எடுத்த தூண் மட்டும் புதிதாக எழ வேண்டும், அதுவும் பழைய இடத்திலேயே. தள்ளி நிறுத்தலாமா என்று அனு எனக்காகக் கேட்டுப் பார்த்தாளாம். உத்தரம் அங்கேதான் தூணைக் கேட்கிறது என்றார்களாம்.

"உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா வாசலை வேணா பக்கவாட்டுக்கே மாத்திடலாம் ஆச்சி" என்றாள்.

"வாசலுக்கு என்னட்டி, அது அங்கேயே இருக்கட்டும். தூணைச் சுத்திப் போய்க்கிடுதேன்" என்றேன்.

"நிஜமாவா?"

"முதல்ல அதைத் தட்டிப் பாரு. சத்தம் சரியா இருந்தா நிஜம்."

இன்று கம்பிக் கூடு நிறுத்தினார்கள். அரையடிக்கு ஒரு வளையம், இரும்பு வாசனை. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அனு உள்ளே கையை விட்டு ஒவ்வொரு வளையத்தையும் தொட்டு எண்ணினாள். கட்டு தளர்ந்த இரண்டை மறுபடி கட்டச் சொன்னாள். மேஸ்திரி முணுமுணுத்தார், இவள் நகரவில்லை. கட்டிய பிறகுதான் நகர்ந்தாள். செல்வராணி எதிரே தகர வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "அத்தை, காப்பி ஆறுது" என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கான்கிரீட். அதற்குள் அனுவிடம் இப்படிச் சொல்ல வேண்டும்: நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த வீட்டின் படமாக மே மாதம் பெயிண்ட் அடித்தபோது எடுத்ததுதான் இருக்கிறது. அதை எடுத்துவிடு. இந்தக் கம்பிக் கூட்டுக்குப் பக்கத்தில் நீ தலைக்கவசத்தோடு நில்லு, நானும் நிற்கிறேன், உன் அம்மாவை எடுக்கச் சொல்லலாம். வெளிச்சம் இருக்கும்போதே புதிதாக ஒரு போட்டோ எடுத்துப் போடு.